மலை இருக்கும் பக்கம் வடக்கு

நிக்கென் யோக்யகர்த்தாவுக்குப் படிக்க வந்து மூன்றாவது வருடம் ஆகியும், தங்கியிருந்த அறையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மேப் போட்டுக்கொண்டுதான் போவாள். தூரம் என்று பார்த்தால் ஒன்றரைக் கிலோமீட்டர். இரண்டே இரண்டு திருப்பம். முதல் திருப்பத்தில் ஒரு சலவைக் கடை, இரண்டாவதில் ஒரு பள்ளிவாசல். தினமும் அந்த இரண்டையும் கடந்துதான் போகிறாள். ஆனால் ஸ்கூட்டரில் செருகிய போன் திரும்பச் சொன்னால் ஒழிய அவள் கை திரும்பாது. ஒருநாள் வெயிலில் சூடேறி போன் அணைந்துபோனது. பள்ளிவாசலைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்தவள், இரண்டு பக்கமும் நெல்வயல் வந்த பிறகுதான் வண்டியை நிறுத்தினாள்.

அவளை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. அவளோடு படித்த அத்தனை பேரும் அப்படித்தான். வகுப்புக்கு வந்ததைப் பதிவது போனில், பாடம் போனில், வறுத்த சோறு வருவது போன் வழியாக, அம்மா இருப்பதும் போனுக்குள். தொழுகைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், கிப்லா எங்கே என்பதற்கும் அதில் ஒரு முள் உண்டு. அது சுற்றிச் சுற்றி வந்து ஓரிடத்தில் பச்சையாகும். நிக்கென் அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் பாயை விரிப்பாள். குளிக்கும்போது போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஆணியில் மாட்டி வைப்பாள். அது சும்மா கிடக்கும்போதும் நடுங்குவது போல அவளுக்குத் தோன்றும். எடுத்துப் பார்ப்பாள், ஒன்றும் இருக்காது.

அவள் பிறந்து வளர்ந்தது தலைநகரை ஒட்டிய பெக்காசியில். அங்கே வழி கேட்டால் வலது, இடது என்பார்கள், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பெரிய கடையின் பெயரைச் சொல்வார்கள். யோக்யகர்த்தாவில் அப்படி இல்லை. சாப்பாட்டு மேஜையில் மிளகாய்ச் சட்னியைத் தள்ளச் சொல்வதற்கும் கிழக்கே தள்ளு என்பார்கள். வந்த புதிதில், பல்கலைக்கழக வாசலில் வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் ஜெராக்ஸ் கடை எங்கே என்று கேட்டாள்.

"இப்படியே வடக்கால போயி, அப்புறம் கிழக்கால."

"வடக்குன்னா எந்தப் பக்கம், பாக்?" மரியாதைக்குரிய ஆண்களை அங்கே பாக் என்றுதான் அழைப்பது.

அந்த ஆள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "பேரு என்னம்மா?"

"நிக்கென்."

"பேரு மட்டும் ஜாவாக்காரிப் பேரு. அந்தா மலை நிக்குது பாரு, அதுதான் வடக்கு. அதுக்கு முதுகக் காட்டுனா தெக்கு. எங்க வீட்டுக் கோழிக்கே தெரியும்."

நிக்கென் சிரித்துக்கொண்டே அதை மனதில் வாங்கிக்கொண்டாள். மலை இருக்கும் பக்கம் வடக்கு, முதுகைக் காட்டினால் தெற்கு. போனில் இல்லாமல் தலையில் வைத்திருந்த திசை என்று அவளுக்கு அது ஒன்றுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதுவும் இல்லாமலே இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் வருட முடிவில் மாணவர்கள் எல்லோரும் ஐம்பது நாள் ஒரு கிராமத்தில் தங்கி ஊருக்கு ஏதாவது செய்துகொடுக்க வேண்டும். என்ன செய்தாய் என்று அறிக்கையும் வீடியோவும் கொடுத்தால்தான் மதிப்பெண். நிக்கெனுக்கும் அவளுடைய உயிர்த்தோழி உத்தாமிக்கும் தலுன் என்ற ஊர் விழுந்தது. குழுத் தலைவன் ஹனுங். ஜனவரி மாதம், மழை விடாமல் பெய்கிற பருவம்.

தலுனும் வண்டி நிறுத்துமிடத்துக்காரர் காட்டிய அதே மலையின், மெராப்பி எரிமலையின், அடிவாரம்தான். ஆனால் யோக்யகர்த்தா மலைக்குத் தெற்கே இருக்கிறது, தலுன் மலைக்கு மேற்கே இருக்கிறது. தலுனில் நின்றால் மலை கிழக்கு. இதை நிக்கெனுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றவும் இல்லை. அவள் வேனில் வந்த இரண்டு மணி நேரமும் மேப்பில் நகரும் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வேன் மலையைச் சுற்றி வந்ததை அவள் பார்க்கவில்லை.

ஊருக்குப் பக்கத்தில் வுங்கு ஆறு ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது மரியாதைக்கு. அகலமான பள்ளம், நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர், மற்ற இடமெல்லாம் மலை கக்கிய கறுப்பு மணல். லாரிகள் உள்ளேயே இறங்கி மணல் ஏற்றும். ஆனால் மேலே மழை பிடித்துக்கொண்டால், ஊரில் வெயில் அடிக்கும்போதே மணலும் பாறையும் சேர்ந்த வெள்ளம் திடீரென்று வந்துவிடும். அதனால் வடக்குக் கரை மேட்டில் ஒரு காவல் குடிசை இருந்தது. அங்கே பாக் துக்கிமான் வாக்கிடாக்கியோடு உட்கார்ந்திருப்பார். மாணவிகள் தங்கியிருந்ததும் அவர் வீட்டில்தான்.

ஆற்றுக்குள்ளிருந்து ஏற இரண்டு வழி உண்டு. முந்நூறு மீட்டர் கீழே, தண்ணீர் போகும் பக்கத்தில், லாரிகள் இறங்கி ஏறும் சரிவு. இன்னொன்று குடிசைக்கு நேர் எதிரே, தெற்குக் கரையில் மண்ணை வெட்டிப் போட்ட படிகள். அது உயிர் தப்பி ஏறுவதற்கென்றே வெட்டியது. வந்த முதல் வாரமே பாக் துக்கிமான் நிக்கெனைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டையும் காட்டினார். அவர் பேசப் பேச அவள் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்தாள். எடுத்து வைத்துவிட்ட பிறகு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம்.

அவள் ஊருக்குச் செய்துகொடுத்த வேலை என்ன தெரியுமா? வெள்ளம் வந்தால் எந்த வழியாகத் தப்புவது என்று காட்டும் வரைபடம். குடிசைக் கம்பத்தில் ஏற்கனவே ஒரு பலகை இருந்தது. பெயிண்டில் ஒரு பெரிய அம்புக்குறி, எதிர்க்கரைப் படிகளைப் பார்த்து. நிறம் மங்கிப்போயிருந்தது, அவ்வளவுதான். நிக்கென் அதைக் கழற்றிவிட்டு, உள்ளங்கை அளவு கியூஆர் கோடு ஒன்றை ஒட்டினாள்.

"இதுல எங்க அம்புக்குறி?" என்று கேட்டார் துக்கிமான்.

"போன காட்டுனா தொறந்துக்கும், பாக். மொத்த ஊரும் வரும். நம்ம நிக்கிற எடம் நீலமாத் தெரியும்."

"போன் இல்லேன்னா?"

"இந்தக் காலத்துல போன் இல்லாம யாரு பாக் இருக்கா?"

அவர் மனைவி சர்மி (பெண்களுக்கு மரியாதைக்குப் பூ, அதனால் பூ சர்மி) கழற்றிப் போட்ட பலகையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இத நான் எடுத்துக்குறேன். கோழிக்கூட்டுக்கு மூடி இல்லாம மரநாய் வந்து வந்து போகுது."

துக்கிமான் கம்பத்திலிருந்த அந்தக் கறுப்புக் கட்டங்களை விரலால் தடவிப் பார்த்தார். படித்த பிள்ளைகள் செய்கிறார்கள், ஏதாவது விஷயம் இருக்கும் என்று விட்டுவிட்டார். மேற்பார்வைக்கு வந்த பேராசிரியர் அந்தக் கம்பத்தோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். பலகை கோழிக்கூட்டின் மேல் கிடந்தது, அம்புக்குறி வானத்தைப் பார்த்துக்கொண்டு.

முப்பத்தொன்றாம் நாள் பலத்த காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தது. அன்று ராத்திரியிலிருந்து மின்சாரம் இல்லை. ஊர்க்காரர்கள் விளக்கை ஏற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். மாணவர்கள்தான் தவித்துப்போனார்கள். பவர் பேங்க்குக்குச் சண்டை வந்தது. உத்தாமி தன்னிடம் இருந்த கடைசிச் சார்ஜைப் பாதி நிக்கெனுக்குக் கொடுத்தாள். நிக்கென் அதிலும் பெரும்பகுதியை மறுநாள் காலையிலேயே தீர்த்துவிட்டாள். அம்மாவுக்குப் பதில், குழுவுக்குப் பதில், நேற்றுப் போட்ட படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நோட்டம்.

அன்று மத்தியானம் மலையின் மேல் பாதி மேகத்துக்குள் போய்விட்டது. மணல் லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு காலியாகிவிட்டது. அதைப் பார்த்து ஹனுங்குக்கு ஒரே சந்தோஷம்.

"இப்பதான் நல்லாருக்கு. லாரியே இல்ல, படம் சுத்தமா விழும். எறங்குவோம் வா, உத்தாமி. அறிக்கை வீடியோவ இன்னிக்கே முடிச்சிரலாம்."

துக்கிமானுக்கு அது பிடிக்கவில்லை. "மூணு மணிக்கு மேல உள்ள இருக்கக் கூடாது."

"சரி பாக். பத்தே நிமிஷம்."

இரண்டு பேரும் லாரிச் சரிவு வழியாக இறங்கினார்கள். நிக்கென் குடிசையில் துக்கிமானோடு உட்கார்ந்திருந்தாள். அவருக்குத் துணையாக மாணவர்கள் முறை வைத்து உட்காருவார்கள், அன்றைக்கு அவள் முறை. இரண்டரை மணிக்கு வாக்கிடாக்கியில், மேலே மலைப் பக்கம் இருந்த இன்னொரு காவல்காரரின் குரல் ஒருமுறை வந்து பாதியில் அறுந்தது. துக்கிமான் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. எழுந்து ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நான் மேல ஆத்து வளைவு வரைக்கும் போயி என்னன்னு பாத்துட்டு வந்துர்றேன். இந்தா, இன்னொரு வாக்கிடாக்கி. நான் இதுல சொல்றத அவங்களுக்குக் கத்திச் சொல்லு, போதும். வேற ஒண்ணும் நீ பண்ண வேணாம், அம்மாடி."

"சரி பாக்."

"கண்ணு ஆத்து மேல இருக்கட்டும்."

அவர் போனதும் அவள் போனை எடுத்தாள். ஒன்பது சதவீதம். குடிசையின் ஒரு மூலையில் மட்டும் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். அங்கே போய் உட்கார்ந்து, பெஞ்சில் தேநீர்க் கண்ணாடிக் குவளைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டாள். கீழே உத்தாமி ஆற்றின் நடுவே ஒரு பாறையில் ஏறி நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், ஹனுங் பின்னால் பின்னால் நகர்ந்து படம் எடுத்தான். பத்து நிமிடம் நாற்பது நிமிடமாயிற்று. மூன்று மணி கடந்துபோனது நிக்கெனுக்குத் தெரியும். நேரத்தைப் போனில்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு சதவீதம்.

போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. வைத்தாள். மறுபடி நடுங்கியது. எடுத்தாள், ஒன்றும் இல்லை. நான்கு சதவீதம். மூன்றாவது தடவை எடுத்து கையிலேயே வைத்துக்கொண்டாள். அப்போதும் பெஞ்சில் அந்த நடுங்கும் சத்தம் நிற்கவில்லை. தேநீர்க் குவளையின் தகர மூடிதான் தானாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

அவள் மூடியைப் பார்த்தாள். அப்புறம்தான் ஆற்றைப் பார்த்தாள். நடுவில் ஓடிய தண்ணீர் நூலாக இளைத்து, சாம்பல் நிறமாகியிருந்தது. அந்த நிமிடமே எழுந்து ஏறுங்கள் என்று ஒரு கத்துக் கத்தியிருக்கலாம். அவள் என்ன செய்தாள்? தண்ணீரைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, இது ஏதாவது விஷயமா என்று கேட்டாள். அனுப்பும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு சதவீதம்.

வாக்கிடாக்கி அலறியது. துக்கிமான் ஓடிக்கொண்டே பேசினார். "வருது! தெக்கால ஓடச் சொல்லு! ரெண்டு பேரையும் தெக்கால! இப்பவே!"

அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. தெற்குக் கரைப் படிகள் அவர்கள் நின்ற இடத்திலிருந்து இருபது எட்டு வைக்கிற தூரம் கூட இருக்காது.

நிக்கெனின் கட்டைவிரல் திசைகாட்டியைத் தேடியது. முள் ஒருமுறை சுற்ற ஆரம்பித்தது, திரை கறுத்தது. அவ்வளவுதான். கையில் ஒரு கறுப்புச் சில்லு, எதிரே கம்பத்தில் அவளே ஒட்டிய கறுப்புக் கட்டங்கள். காதுக்குள் துக்கிமானின் குரல் திரும்பத் திரும்ப வந்தது. தெக்கால, தெக்கால. அவளுக்கு அழுகை வந்தது. அப்போது வண்டி நிறுத்துமிடத்துக்காரரின் பாடம் நினைவுக்கு வந்தது. வந்ததும் அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மேகத்துக்குள் இருந்தாலும் மலை எந்தப் பக்கம் என்று தெரியும், ஆறு வருகிற பக்கம். அது வடக்கு. அவள் மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். நேர் முன்னால் ஆறு போகும் பக்கம், அங்கே லாரிச் சரிவு, அவர்கள் இறங்கிப் போன வழி. எல்லாம் சரியாகப் பொருந்தியது.

குடிசை விளிம்புக்கு ஓடி வந்து, வலது கையை முழுதாக நீட்டி, தொண்டை கிழியக் கத்தினாள். "தெக்கால ஓடுங்க! அங்க! தெக்கால!"

ஹனுங் மலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவள் கை காட்டிய பக்கம் ஓடினான். உத்தாமி பாறையிலிருந்து குதித்தாள். ஆனால் உடனே ஓடவில்லை. எதிர்க்கரைப் படிகளைப் பார்த்தாள். நிக்கெனைப் பார்த்தாள். குனிந்து கையைப் பார்த்தாள்.

"ஓடுடி! அங்க!" என்று நிக்கென் மறுபடி கத்தினாள். உத்தாமி நிமிர்ந்து, தோழி காட்டிய பக்கம் ஓடினாள்.

வந்தது தண்ணீர் மாதிரி இல்லை. கறுப்பாக ஒரு சுவர், அதற்குள் மாட்டு வண்டி அளவு பாறைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. சத்தத்தில் குடிசை ஆடியது. ஹனுங் சரிவில் ஏறிவிட்டான், ஒரு கல் வந்து அவன் காலை முறித்தது, ஆனால் ஏறிவிட்டான். உத்தாமி அவனுக்கு இருபது இருபத்தைந்து எட்டுப் பின்னால் இருந்தாள்.

துக்கிமான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது நிக்கென் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் சொன்ன?"

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன், பாக். தெக்கு."

"எந்தப் பக்கம்?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு எதிர்க்கரைப் படிகளைப் பார்த்தார். கீழே இரண்டு படிதான் முழுகியிருந்தது, மற்றவையெல்லாம் காய்ந்தபடி கிடந்தன. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் போலத் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரிடமும் நிக்கென் அதையே சொன்னாள். போலீஸ்காரரிடம், பேராசிரியரிடம், ஊர்த் தலைவரிடம். பாக் தெற்கு என்றார், நான் தெற்கு என்றேன். யாரும் அவளை மறுத்துப் பேசவில்லை. பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

விடிந்து ஏழு மணிக்கு, மணல் தடுப்பணையில் உத்தாமியைக் கண்டெடுத்தார்கள். கடல் தாண்டி லாம்புங்கிலிருந்து அவள் அப்பா வர மறுநாள் ஆகும். அவர் வந்து எடுத்துப்போவதற்கு முன் ஊரிலேயே ஒரு தொழுகை வைத்துவிடலாம் என்று முடிவானது. மின்சாரம் இன்னும் வரவில்லை. பள்ளிவாசலில் ஒலிபெருக்கிக்காக ஜெனரேட்டர் ஓடியது. பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருந்த மாணவர்கள் அழுதுகொண்டே அதில் போனைச் செருகினார்கள். ஒரே நீட்டிப்பு வயரில் பதினோரு போன்கள். நிக்கெனுடையதையும் யாரோ வாங்கிச் செருகிவிட்டிருந்தார்கள்.

அவள் முகம் கை கழுவிவிட்டு வந்தபோது அது உயிர் பெற்றிருந்தது. அம்மாவின் அழைப்புகள் நாற்பத்தொன்று. அவற்றுக்கெல்லாம் கீழே உத்தாமி. நேற்று மூன்று இருபத்திரண்டு.

'ஏறுற படி இங்கயே இருக்குடி. நெசமா தெக்கு அந்தப் பக்கமா? எனக்கு மேப் லோடு ஆகல. நீ பாத்து சொல்லு'

நிக்கென் அதை இரண்டு தடவை படித்தாள். குனிந்து கையைப் பார்த்தாளே, அது இதை எழுதத்தான். ஹனுங்குக்குப் பின்னால் விழுந்த அந்த இருபது எட்டும் இதற்குத்தான் போனது.

வரிசை கூடியது. கூடத்தில் இடம் போதாமல் பெண்கள் பக்கவாட்டில் இருந்த வெளித் தாழ்வாரத்தில் நின்றார்கள். நிக்கெனுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. கை பழக்கத்தில் போனைத் தேடியது. பூ சர்மி அவள் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி நிறுத்தினாள்.

முன்னால் பார்த்தாள் நிக்கென். தாழ்வாரத்துக்கு அப்பால் ஆறு போகும் பக்கம் தெரிந்தது. தூரத்தில் லாரிச் சரிவு.

"பூ," என்றாள். "இது எந்தத் திசை?"

"கிப்லா பாத்து நிக்கிறோம், வேற என்ன. மேக்கு."

"எப்பவுமே இதுவா மேக்கு?"

பூ சர்மிக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தாள். "ஆமாம்மா. மலை கெழக்கு, இது மேக்கு."

"அப்ப தெக்கு?"

பூ சர்மி இடது கையைக் கொஞ்சம் தூக்கி ஆற்றின் அக்கரையைக் காட்டினாள். அங்கே மண் படிகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

இமாம் தொடங்கிவிட்டார். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக் கைகளை உயர்த்தினார்கள். நேற்று நிக்கென் கை நீட்டிக் காட்டிய பக்கம். அந்தப் பக்கத்தில், எல்லோருக்கும் முன்னால், வெள்ளைத் துணிக்குள் உத்தாமி கிடந்தாள்.